சிவப்பு விளக்கை அணைத்த பதினொரு நாள்

பெரியவனுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்பது போன வாரம் அனுப்பிய போட்டோவிலேயே தெரிந்தது, முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது, கண்ணுக்குக் கீழே கறுப்பும் இல்லை, சந்தோஷம். இங்கே எப்படி இருக்கிறோம் என்று நீ கேட்கவில்லை, கேட்டதாக வைத்துக்கொண்டு நானே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கடை ஓடுகிறது, சலவைக்கு வருவது குறைந்து இஸ்திரிக்கு வருவதுதான் அதிகம், உன் தங்கை ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். என் கழுத்துக் கட்டிக்கு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி ஆபரேஷன் என்பது உனக்கே தெரியும். போன் பண்ணாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். தொண்டை டாக்டர் சொன்னதை மறுபடியும் சொல்கிறேன், அன்றைக்கு நீ வேறு எதையோ பார்த்துக்கொண்டு ம் ம் என்றுதான் கேட்டாய். கட்டிக்குப் பக்கத்திலேயே குரலுக்கான நரம்பு போகிறதாம், பத்திரமாத்தான் எடுப்போம், ஆனாலும் அப்புறம் குரல் மாறலாம், மேல போகாம போகலாம், அதுவரைக்கும் தொண்டைக்கு வேலை கொடுக்காதீங்க, பாடியே ஆகணும்னா ஒரு நாளைக்கு அரைமணி நேரம், அதுக்கு மேல வேண்டாம் என்றார். அந்த அரைமணி நேரத்தை உன்னைத் திட்டிச் செலவழிக்க எனக்கு மனசில்லை. திட்ட வேண்டியதோ நிறைய இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் உன்னிடம் கேட்டது என்ன, நீ கொடுத்தது என்ன என்று முதலில் பார்ப்போம். இத்தனை வருஷம் இஸ்திரி மேசையில் நின்றபடி நானாகக் கட்டிய பாட்டு ஏழு இருக்கிறது, குரல் இருக்கும்போதே பதிந்து வைக்க வேண்டும், ஒரு வாரம் வந்துவிட்டுப் போ என்றேன். பாட்டுப் பதிவதுதானே உன் பிழைப்பு. அதற்கு நீ, வர்றது கஷ்டம்மா, அதுக்கென்ன, ஒரு சாஃப்ட்வேர் சொல்றேன், பெரிய பெரிய ஸ்டூடியோல எல்லாம் அதுதான், நானே அதுலதான் வேலை பார்க்கிறேன், நீங்களே பண்ணிடலாம் என்றாய். மகனைக் கேட்டேன், சாஃப்ட்வேர் வந்தது. சரி, அதுவாவது உருப்படியாக இருக்கும் என்று பார்த்தால், நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் அது இறங்குவதற்கே காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஆனது, லேப்டாப் கொதித்த கொதிப்பில் நாலு கைக்குட்டை இஸ்திரி போட்டிருக்கலாம். பிறகு கணக்குத் திற, பாஸ்வேர்டு போடு, அதில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு நட்சத்திரம் வேண்டும் என்று ஒரு மணி நேரம் அப்பாவைப் பாடாய்ப் படுத்தியது. தினமும் காலையில் திறந்தவுடன் இலவசமாகப் பயன்படுத்த இன்னும் இத்தனை நாள்தான் பாக்கி என்று ஒரு பெட்டி குதித்து வருகிறது. எனக்கு நாள் எண்ணிச் சொல்ல ஒரு டாக்டர் போதாதா. உள்ளே போனால் முரசு மட்டும் நாற்பது வகை, பியானோ பன்னிரண்டு, கிணற்றுக்குள் பாடினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பொத்தான், பெரிய மண்டபத்தில் பாடினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பொத்தான், அதில் இல்லாதது நான் ஒருத்திதான்.

இது போதாதென்று தாளத்துக்கு அடிக்கிற அந்த டிக் டிக். காதில் மாட்டிக்கொண்டு அதற்குச் சரியாகப் பாடுங்கள் என்றாய். யாரும் கைதட்டித் தாளம் போட்டு நான் பாடப் பழகவில்லை, இஸ்திரிப்பெட்டி போகிற போக்கில்தான் பாடுவேன், காலருக்கு ஒரு வேகம், சட்டை முதுகுக்கு ஒரு நீளம், மடிப்புக்கு வந்தால் ஒரு நிறுத்தம். போனில் இரண்டு வரி பாடிக் காட்டியதற்கு, தாளம் விட்டுப் போறீங்கம்மா, பெட்டியைக் கீழே வெச்சிட்டுப் பாடுங்க, அந்தச் சத்தம் வேற வருது என்றாய். அந்தச் சத்தத்தில்தான் நீ தூங்கி வளர்ந்தாய். துணிக்கூடைக்குள் உன்னைப் படுக்க வைத்துவிட்டு, பெட்டி நின்றால் நீ முழித்துக்கொள்வாய் என்று வேலை முடிந்த பிறகும் வெறும் மேசையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இன்றைக்கு உனக்கு அது இடைஞ்சலாகிவிட்டது.

அதைக்கூட விட்டுவிடுவேன். ஆனால் சிவப்பு விளக்கை விடமாட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று நீ போனில் சொன்னது மொத்தம் ஆறு நிமிஷம், அதிலும் நடுவில் யாருடனோ பேசப் போய்விட்டாய். அப்பா நோட்டுப் போட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். ட்ராக் என்கிற பாட்டு வரிசைக்குத் தலைமாட்டில் வட்டமாகச் சிவப்பு எரியும், அதன் பிறகு கீழே இருக்கிற பொத்தானை அழுத்தினால் ஒரு கோடு ஓடும், பாடுங்கள் என்றாய். நம் கடையில் முப்பது வருஷமாக என்ன சட்டம் என்று உனக்குத் தெரியாதா. பாய்லரில் சிவப்பு எரிந்தால் நீராவி அளவுக்கு மேல் ஏறிவிட்டது என்று அர்த்தம், யார் எங்கே நின்றாலும் போட்டது போட்டபடி ஓடிப்போய் அணைக்க வேண்டும். நீ நடக்கப் பழகினவுடன் உனக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த முதல் விஷயமே அதுதான். அப்பா என்ன செய்தார் என்றால், தினமும் நான் பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் சிவப்பு எரிகிறதே என்று பதறிப்போய் அதை அணைத்துவிட்டு, கீழே இருக்கிற பொத்தானை அழுத்தினார். கோடு ஓடியது. ஓடுகிறதே என்று நானும் பாடினேன். ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினொரு நாள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சேர்த்துக் கேட்கலாம் என்று ஆசையாக வைத்திருந்து பன்னிரண்டாம் நாள் போட்டால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தச் சிவப்பு எரிந்தால்தான் குரல் பதியுமாம், அதை நீ சொல்லவே இல்லை.

பதினொரு அரைமணி நேரம் என்றால் உனக்கு ஒன்றும் இல்லை, ஒரு டீ குடிக்கப் போய்விட்டு வருவாய். எனக்கு மொத்தமாக அளந்து கொடுத்திருப்பதே கொஞ்சம்தான். மூன்றாவது நாள் பொத்தான் பாட்டைப் பாடினேன். சட்டையில் பொத்தான் காணோம் என்று நீ மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடுவாயே, அப்போது உனக்காகக் கட்டியது. அதில் கடைசியில் கிடைச்சாச்சு கிடைச்சாச்சு என்று மேலே ஏறும் இடம், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்கு அப்படியே ஏறி நின்றது, எனக்கே மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது, அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். அது போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை பாடினாலும் அந்த இடத்தில் குரல் பிசிறி நின்றுவிடுகிறது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, அவன் சொன்ன மாதிரிதானே பண்ணேன், எங்க தப்பு பண்ணேன் என்று என்னிடம் கேட்கிறார். அவரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் உன்னைத்தான். நடந்ததைத் தட்டி அனுப்பினால் நீ என்ன பதில் போட்டாய், ட்ராக்கை ஆன் பண்ணாம எப்படிம்மா ரெக்கார்ட் ஆகும் என்று கேட்டு, பக்கத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற ஒரு பொம்மை முகம். கூடவே யாரோ ஒருவன் மூச்சு விடாமல் பேசுகிற நாற்பது நிமிஷ வீடியோ. அந்த வீடியோவை மன்னித்துவிடுவேன், அந்தப் பொம்மை முகத்தை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

கடைசியில் யார் வந்து காப்பாற்றினார்கள் தெரியுமா, இரண்டு கடை தள்ளி இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரி. உனக்கு ஞாபகம் இருக்கும், பரீட்சைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனால் பக்கம் கோணலாக விழுந்தது என்று சண்டை போடுவாயே, அவளேதான். தெருக் கடைகளுக்கெல்லாம் ஒலிபெருக்கியில் போட அறிவிப்புப் பேசிப் பதிந்து கொடுப்பதும் அவள்தான். இஸ்திரிக்குக் கொடுத்த சட்டையை வாங்க வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள், சொன்னேன். அவள் லேப்டாப்பைத் தொடவே இல்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உங்களுக்கு என்னக்கா வேணும், பாட்டு மட்டுமா, இல்ல அதுக்கு மேல வாத்தியம் ஏதாவது சேர்க்கணுமா, பதிஞ்சதை வெட்டி ஒட்டணுமா, யாரு கேட்கப்போறாங்க என்று கேட்டாள். என் குரல் மட்டும் போதும், வீட்டு ஆட்கள் கேட்டால் போதும் என்றேன். அப்ப எதுக்குக்கா இவ்ளோ பெருசு, பின்னால ஆசை வந்தா பெருசா எடுத்துக்கலாம் என்று சொல்லிவிட்டு, காசு கேட்காத ஒரு சின்ன சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தாள். பதிவதற்குச் சிவப்பாக எரிகிற பொத்தான் ஒன்று, நிறுத்துவதற்கு ஒன்று, சேமிப்பதற்கு ஒன்று, அவ்வளவுதான். முதலில் பத்து விநாடி பேசிப் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் பாடுங்க, தினமும் அப்படித்தான் பண்ணணும் என்றாள். பெரிய ஸ்டூடியோவில் இருக்கிற உனக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை. அவள் கேட்ட கேள்வியில் ஒன்றையாவது நீ கேட்டாயா. உனக்கு எது வசதியோ அதை என் தலையில் கட்டினாய். இனிமேல் உன்னிடம் யாராவது புதிதாகப் பாட்டுப் பதிய எது நல்லது என்று கேட்டால், வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேள், இது புத்திமதி.

இப்போது பாய்லரை அணைத்துவிட்டு, கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, சூடு இல்லாத பெட்டியைக் கையில் பிடித்து அப்பாவின் பழைய சட்டை ஒன்றைத் தேய்த்தபடி பாடுகிறேன். பெட்டி போகிற சத்தமும் சேர்ந்துதான் விழுகிறது, விழட்டும், அதை எடுத்துவிடுகிறேன் என்று நீ கிளம்பி வராதே. அப்பா சிவப்பை அணைப்பதில்லை, எதிரே நின்று பாட்டு முடியும்வரை கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நடுவில் அது அணைந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். ஆறு பாட்டு முடிந்தது. பத்து விநாடி பேசி, கேட்டு, பிறகு பாடி, மறுபடி கேட்டு, ஆறும் பத்திரமாக இருக்கிறது.

ஏழாவது பொத்தான் பாட்டு. அதை மட்டும் பதியவில்லை. கீழே இருக்கிற வரியெல்லாம் எனக்கு வருகிறது, அந்த மேலே ஏறும் இடம்தான் இல்லை. சின்ன வயசில் அந்த இடம் வந்தால் நீ எங்கிருந்தாலும் ஓடிவந்து என்னை முந்திக்கொண்டு கத்துவாய், இப்போதும் உனக்கு அது வரும். நீ என்ன சொல்வாய் என்றும் எனக்குத் தெரியும், நீங்க உங்க பாகத்தைப் பாடி அனுப்புங்கம்மா, நான் இங்கிருந்து என் பாகத்தைப் பாடிச் சேர்த்துடறேன், யாருக்கும் வித்தியாசமே தெரியாது என்பாய். அதைச் சொல்லாதே. அதற்குத்தான் உன் பெரிய சாஃப்ட்வேர் என்றால் அதை நீயே வைத்துக்கொள். இந்தப் பாட்டுக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு மைக், பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே, வாசலிலேயே வாங்கிக் கட்டிக்கொள்வாய். ஆனால் வா.

உடம்பைப் பார்த்துக்கொள், நின்றபடி சாப்பிடாதே, காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு ரோட்டைக் கடந்து போ. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு இரு, அதைச் சத்தம் போட்டுச் சொல்ல எனக்குக் குரல் இருக்கும்போதே வந்து கேட்டுக்கொள். ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எட்டாம் தேதியின் அரைமணி நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

உன் மேல் தீராத கோபத்துடன்,
அம்மா