விலாங்குகளுக்கு ஊசி போடும் நாள்

போன ஞாயிற்றுக்கிழமை வீரசோழனில் என் அக்கா மகளுக்கு நிக்காஹ். பந்தலுக்குப் பின்னால் பிரியாணி தேக்சாவில் எண்ணெய் காய்ந்து, கிராம்பும் பட்டையும் விழுந்த நேரம். நான் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசனை வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர், "என்ன பாய், பசி வந்துருச்சா?" என்று சிரித்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பசி இல்லை. நீ வந்து நின்றாய்.

கிராம்பு எண்ணெயைத் தொட்டித் தண்ணீரில் கலக்கி, விலாங்கை அதில் விட்டு, அது மயங்கி ஒரு பக்கமாகச் சாயும்வரை நாம் இரண்டு பேரும் குனிந்து நிற்போமே, அந்த வாசனை. மற்றவர்களுக்கு அது கல்யாண வீட்டு வாசனை. எனக்கு ஊசி நாளின் வாசனை.

உன் விலாங்குப் பைத்தியம் எப்போது தொடங்கியது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து, நாம் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், உங்கள் ஊர்க் கண்மாய் வற்றி மீன் பிடித்த அன்று. ஊரே சேற்றில் இறங்கியிருந்தது. நம் வலையில் முழங்கை கனத்துக்கு ஒரு விலாங்கு. என் கையில் இருந்து வழுக்கி உன் கைக்கு, உன் கையில் இருந்து சேற்றுக்கு. கடைசியில் சாக்கை விரித்துப் பிடித்தோம். வீட்டில் உன் அம்மா சாம்பலைத் தேய்த்து அதை அறுத்தபோது நீ வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏன்மா, கெளுத்தியில சினை இருக்கு, விரால்ல இருக்கு. விலாங்குல மட்டும் ஏன் இருந்ததே இல்ல?"

"எனக்கென்ன தெரியும்? நானும் இத்தனை வருசமா அறுக்கேன், கண்டதில்ல" என்றார் உன் அம்மா.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நீ மேற்படிப்பாக மீன்வளம் படிக்கப் போனாய் என்று நான் நினைக்கிறேன். பிறகு நீயே எனக்கு விளக்கினாய். விலாங்கு வளர்வது நம் கண்மாய்களில். முட்டையிடுவது ஆழ்கடலில். குண்டாற்றில் வெள்ளம் வரும் வருடம் பெரியவை கடலுக்கு இறங்கிவிடும். எங்கோ பொரித்த பிஞ்சுகள், நூல் போல, ஆற்றேறித் திரும்ப வரும். அந்தக் கடல் பயணத்தில்தான் அதன் வயிற்றில் சினையே உருவாகிறது. அதனால்தான் உன் அம்மா கண்டதில்லை.

"இப்ப ஆத்துல தண்ணி கடல் வரைக்கும் போறதே அபூர்வம். போனாலும் நடுவுல எத்தனை தடுப்பு. இங்கன இருக்கிறது கிழடாகி இங்கனயே சாகுது மாப்ள. கடலுக்குப் போகவே முடியாததுக்கு, உடம்புக்குள்ள 'நீ கடலுக்கு வந்துட்ட'ன்னு யாராச்சும் சொல்லணும். அதுதான் ஊசி."

நான் வளைகுடாவில் ஒரு மீன் பண்ணையில் பம்பும் வடிகட்டியும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கடற்கரையில் ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்த்தாய். போனில் பேசிப் பேசியே இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்தோம். அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி போகும் ரோட்டில், மூடிக்கிடந்த பஞ்சு குடோனைப் பிடித்தோம். சுவர் கனமானது. சித்திரை வெயில் உள்ளே வராது. சன்னல்களைக் கறுப்புத் தாளால் மூடி, தொட்டிகள் கட்டி, கடல்நீரை லாரியில் கொண்டுவந்து நிரப்பினோம். பந்தல்குடி டீக்கடையில் அந்த லாரியைக் கண்டதும் ஆட்கள் சிரிப்பார்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவருகிறோமென்று ஒருவர் குடத்தோடு ஓடிவந்து, வாயில் விட்டுப் பார்த்துவிட்டுத் துப்பியதும் உண்டு.

உன் அய்யாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "படிக்க வச்ச பிள்ள பாம்புக்குப் பிரசவம் பாக்குறானாம்" என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தார். குடோன் வாசலை அவர் மிதித்ததே இல்லை.

வாரத்துக்கு ஒரு நாள் ஊசி நாள். முதல் நாளே மீன் மார்க்கெட்டில் சொல்லிவைத்துக் கெண்டைத் தலைகளை வாங்கி வருவாய். தலையைப் பிளந்து, மூளைக்கு அடியில் கடுகளவு இருக்கும் சுரப்பியை எடுத்துப் பதப்படுத்தி வைப்பாய். அதை அரைத்து, தெளிவை வடித்து ஊசியில் ஏற்றுவாய். விலாங்கு மயங்கியதும் ஈரத்துணி விரித்த பலகையில் நான் பிடித்துக்கொள்ள வேண்டும். நீ முதுகுத் துடுப்புக்குக் கீழே சதையில் ஊசியை இறக்குவாய். ஒரு வாரம் தவறினால் அதுவரை போட்டதெல்லாம் வீண். வளர்ந்த சினை வயிற்றுக்குள்ளேயே கரைந்துபோகும்.

கடல்நீருக்கு மாறிய பிறகு அவை எதுவும் தின்னாது. தன் சதையைக் கரைத்தே சினையை வளர்க்கும். கண் பெரிதாகும். வயிறு வெளுக்கும். முதல் கூட்டத்தில் ஒன்றுகூட முட்டை விடவில்லை. வயிறு உப்பியபடியே ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. கடைசி ஒன்றைத் தூக்கி எடுத்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, இதுக கண்மாயிலயே கிடந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்குமேடா."

நீ கையைக் கழுவினாய். பிறகு சொன்னாய்: "கடலுக்குப் போனாலும் இது திரும்பி வராது மாப்ள. முட்டை விட்டா சாவுதான். நமக்கு வேண்டியது, விட்டுட்டுச் சாகணும்."

அதை நீ இரக்கமில்லாமல் சொல்லவில்லை. செத்ததை நீயே குழி தோண்டிப் புதைத்தாய். விற்கவும் விடவில்லை, சமைக்கவும் விடவில்லை.

இரண்டாவது கூட்டத்தில், தனித் தொட்டியில் வைத்த ஆண் மீன்களைத் தவிர, பெண் ஒன்று மட்டும் தங்கியது. மற்றவை போய்விட்டன. அதன் வயிறு தொட்டால் மெத்தென்று இருந்தது. நீ சந்தோஷத்தில் இன்னும் சில ஊசிகள் என்றாய். புதுத் தண்ணீர் வேண்டும் என்று நீயே லாரியில் ஏறிக் கடற்கரைக்குப் போனாய்.

திரும்பும்போது பந்தல்குடி தாண்டுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாயாம். நான் பைக்கில் வந்து சேர்ந்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அதற்குள் நீ போய்விட்ட செய்தியும் வந்துவிட்டது. ரோட்டோரத்தில் லாரி மட்டும் நின்றது. டாங்கின் மூடி விளிம்பில் கடல்நீர் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் அழுதபடியே என்னிடம் வந்தார்.

"அண்ணே... தண்ணிய என்னண்ணே செய்ய?"

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "குடோனுக்குக் கொண்டு போங்க" என்றேன்.

மறுநாள் ஊசி நாள். உன்னை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். திருச்சுழியில் இருந்தும் வீரசோழனில் இருந்தும் ஆட்கள் பஸ்ஸில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். என்ன நாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை அந்த இடத்தில் வைத்து எப்படிச் சொல்வது? உன் மனைவி பாண்டிச்செல்வி உள்ளே இருந்து ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இன்னைக்கு ஊசி போடணும்ல?"

"அது கிடக்கட்டும்மா."

"அவுக இருந்தா கிடக்கட்டும்னு சொல்வாகளா? சினைமீனு ஒண்ணே ஒண்ணுதானே மிச்சம் இருக்கு. போயிட்டு வாங்க. நீங்க வராம அவுகள எடுக்க விட மாட்டேன். நான் சொல்லிக்கிறேன்."

நான் எழுந்து வெளியே வந்து பைக்கை எடுத்தேன். பின்னால் யாரோ ஏறி உட்கார்ந்தது தெரிந்தது. திரும்பினால் உன் அய்யா. மேல்சட்டை இல்லை, தோளில் துண்டு மட்டும்.

"ஐயா, நீங்க இங்க இருக்கணும்ல..."

"ஒத்தையா எப்படிப் பிடிப்ப? ரெண்டு ஆளு வேலைன்னு அவன் சொல்லிக் கேட்டிருக்கேன். வண்டிய எடுப்பா."

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

குடோன் இருட்டுக்குள் அவர் முதல் தடவையாக நுழைந்தார். தொட்டிகளை, குழாய்களை, ஆணியில் தொங்கிய உன் சட்டையைப் பார்த்தார். நான் எண்ணெயைக் கலக்கினேன். விலாங்கு சாய்ந்தது. அதைத் தூக்கி ஈரத்துணியில் வைத்ததும் அவர் குனிந்து, கன்றுக்குட்டியைப் பிடிப்பதுபோல் ஒரு கையைத் தலைக்கடியிலும் ஒரு கையை வயிற்றுக்கடியிலும் கொடுத்தார். அதுவரை நான் பிடித்திருக்கிறேனே தவிர ஊசி போட்டதில்லை. அளவு தெரியும், இடம் தெரியும். ஆனாலும் ஊசியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"நிறைமாசமால இருக்கு" என்றார் அவர், வயிற்றைத் தடவியபடி. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "போடு தம்பி. எம்புள்ள அங்க காத்துக்கிட்டுக் கிடக்கான்."

போட்டேன்.

நாங்கள் திரும்பிப் போன பிறகுதான் உன்னை எடுத்தார்கள். உனக்குப் பிள்ளை இல்லை. உன் அய்யாதான் கொள்ளி வைத்தார்.

அதற்கடுத்த ஊசிகளுக்கும் அவர் வந்தார். யாரும் அழைக்கவில்லை. அந்த நாளில் குடோன் வாசலில் வந்து நிற்பார். ஒரு நாள் காலை விலாங்கின் வயிற்றை மெல்ல அழுத்தியதும் முட்டைகள் வந்தன. ஜவ்வரிசியைவிடப் பொடியாக, கண்ணாடி போல. ஆண் மீன்களின் விந்துப் பாலோடு கலந்து கடல்நீரில் விட்டேன். நல்லவை மேலே மிதந்தன. தாய் மறுநாள் செத்துப்போனது. உன் அய்யா மண்வெட்டியை என்னிடம் தரவில்லை; அவரே குழி தோண்டினார்.

பொரித்ததும் பாண்டிச்செல்விக்குப் போன் செய்தேன். துக்கத்தில் இருப்பவள் வெளியே போகக் கூடாது என்று உறவில் சொன்னவர்களை அவள் எப்படிச் சமாளித்தாளோ, வந்துவிட்டாள். கண்ணாடிக் குவளையை டார்ச் வெளிச்சத்தில் காட்டினேன். நூல் துணுக்குகள் போலத் துள்ளிக்கொண்டிருந்தன. வெகுநேரம் பார்த்தாள்.

"இதுகளுக்குக் கண்ணே இல்லையேண்ணே?"

"இனிமேத்தான் வரும். வாயும் இனிமேத்தான்."

"அவுக பாக்கல" என்றாள். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

மஞ்சள் கரு தீரும்வரை அவை இருந்தன. வாய் வந்தது. என்ன கொடுத்தாலும் தின்னவில்லை. ஒரு வாரத்துக்குமேல் கொஞ்ச நாள்தான், எல்லாம் போய்விட்டன. இத்தோடு குடோனைப் பூட்டிவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். சொல்வதற்காக உன் வீட்டுக்குப் போனேன். பாண்டிச்செல்வி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

"மாசி மாசம் கண்மாய் வத்தும்ல? விலாங்கு வாங்க நானும் வரட்டுமா?"

அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தது. இப்போது கெண்டைத் தலையைப் பிளந்து சுரப்பி எடுப்பது அவள்தான். உன் நுண்ணோக்கியில் உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. தையல் படித்த கை. என்னைவிட அவளுக்கு நிதானம் அதிகம். உன் அய்யாவுக்கு இந்த வருடம் முழங்கால் வலி. ஆனாலும் பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிடிக்கிறார். சினை பிடிக்காத மீனைக் கண்டால் உன்னையும் என்னையும் சேர்த்தே திட்டுகிறார், நீ அடுத்த அறையில் இருப்பதுபோல.

உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நிக்காஹ் முடிந்து மறுநாள் குடோனுக்கு வந்தேன். இந்தத் தடவைப் பொரிப்புக்கு இப்போது கண் கறுத்துவிட்டது. கோழிமுட்டை மஞ்சள் கருவோடு இன்னும் சிலது சேர்த்துக் கூழாக்கி, அவை மேயும்படி தொட்டி அடியில் படியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாண்டிச்செல்வி ஒன்றைச் சொட்டுக் குழாயில் எடுத்துக் கண்ணாடி வில்லையில் வைத்தாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் அசையவில்லை.

"அண்ணே. வயித்துக்குள்ள மஞ்சளா தெரியுது."

"கரு மிச்சமா இருக்கும்மா."

"கரு தீந்து நாளாச்சு. இது நம்ம கூழு. சாப்பிட்டிருக்குண்ணே."

நானும் பார்த்தேன். உடம்பு முழுக்கக் கண்ணாடி. நடுவில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு.

இதைக்கொண்டு ஊருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நீ சொல்வாய். இவை இலை போல அகலமாகி, மறுபடி சுருங்கி, கண்ணாடி விலாங்காகி, கண்மாயில் விடும் நாள் வருமா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கே எல்லாம் போகலாம். இருந்தாலும் ஒன்று சாப்பிட்டது. அதை முதலில் கேட்க வேண்டியவன் நீ.

குடோனுக்கு வருகிற புது ஆட்கள், இதை யார் நடத்துகிறார்கள் என்று கேட்பார்கள். "நாங்கதான்" என்று சொல்கிறேன். எத்தனை பேர் என்று கேட்டால், உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒருவரும் திருத்தியதில்லை; உன் அய்யாகூட.

இரண்டு மணிக்கொரு தரம் கூழ் வைக்க வேண்டும். பாண்டிச்செல்வி கூப்பிடுகிறாள். வாரேன்.