இரண்டு விண்ணப்பங்களில் ஒரே பெயர்

தளி, ஓசூர் தாலுகா
14-2-1955

அன்புள்ள மாமாவுக்கு, காவேரி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே அம்மாவும் நானும் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். ஆனால் கடிதம் அரைப் பக்கத்தோடு நின்றுவிட்டது. சுகமாக இருப்பவர் இரண்டு பக்கம் எழுதக்கூடாதா?

பாஸ்போர்ட் வந்துவிட்டது! தபால்காரர் ராமப்பன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் போய்வர மட்டும் செல்லுமாம். புருஷன் பெயர் என்ற இடத்தில் சென்னகிருஷ்ணன் என்று போட்டிருக்கிறது. அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அதற்குப் படம் எடுக்கப் பெங்களூர் போன கதையை எழுதவே இல்லையே. காது தெரிய வேண்டும் என்று படக்காரர் என் பூவை எல்லாம் எடுக்கச் சொன்னார். அதனால் படத்தில் திருடி மாதிரி இருக்கிறேன். திரும்பும்போது எல்லையில் பஸ்ஸை நிறுத்தி, மதுவிலக்குப் போலீஸ்காரர் அம்மாவின் கூடையைக் கிளறினார். அம்மா விடுவாளா? “சாராயமா கொண்டாறேன் நானு? மவளுக்குப் படம் புடிக்கப் போனேன்யா, மாப்பிள்ளை ஊருக்குப் போறா” என்று சத்தம் போட்டாள். கண்டக்டர் கன்னடத்தில் சமாதானம் சொன்னார், பஸ் கிளம்பியது. மைசூர் ராஜ்யத்துக்குப் போய்வர அவ்வளவுதான். நாற்பத்தாறில் நீங்கள் டிக்கெட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டுதானே தனுஷ்கோடியில் கப்பல் ஏறினீர்கள்? எனக்கு மட்டும் எத்தனை காகிதம், பாருங்கள்.

இனி அந்த நாட்டு விசா ஒன்றுதான் பாக்கி. கல்யாணமாகி இருபது நாள் இருந்துவிட்டுப் போனீர்கள். ஒரு வருஷமும் ஒன்பது மாதமும் ஆகிவிட்டது. நாள் எண்ணுகிறவளை இன்னும் எண்ண வைக்காதீர்கள், மாமா.

உங்கள்
காவேரி


நுவரெலியா
20-4-1955

அன்புள்ள காவேரிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. நல்ல செய்தியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன். நல்ல செய்தி இல்லை.

விசா விஷயமாக ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆபீசர் இரண்டு விண்ணப்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, ஐம்பத்தொன்றில் நான் இங்கே தங்குவதற்கு அனுமதி கேட்டு எழுதியது. ஊரில் உறவினர் யார் என்ற கேள்விக்கு, அக்கா ஜோதியம்மாள், அக்கா மகள் காவேரி என்று எழுதியிருக்கிறேன். மற்றொன்று இப்போது எழுதியது. மனைவி காவேரி, அவள் தாய் ஜோதியம்மாள். “இதில் எது பொய்?” என்று கேட்டார். “இரண்டும் நிஜம் ஐயா. சொந்த அக்கா மகளைத்தான் கட்டியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் உரிமை” என்று பெருமையாகவே சொன்னேன்.

அங்கேதான் கெட்டது. அக்கா மகளைக் கட்டுவது இந்த நாட்டுச் சட்டத்தில் கல்யாணமே ஆகாதாம். மொழிபெயர்த்துச் சொன்ன குமாஸ்தா யாழ்ப்பாணத்துத் தமிழர். அவரே முகத்தைச் சுளித்தார். அவர்கள் மாமன் மகளைக் கட்டுவார்களாம், அக்கா மகள் என்றால் மகளுக்குச் சமமாம். மனைவி என்று விசா தர முடியாது என்று எழுதிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் புருஷன் பெயர் இருக்கிறதே என்று கேட்டுப் பார்த்தேன். அது உம் நாட்டார் போட்டது, எங்களைக் கட்டுப்படுத்தாது என்றார்.

எழுந்து வரும்போது, “கவலைப்படாதேயும். எங்கள் கணக்கில் நீர் இன்னும் கல்யாணமாகாத ஆள்” என்றார் ஆபீசர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், காவேரி.

வந்த அன்றே காய்ச்சலில் படுத்தேன். துரை பங்களாச் சமையல்காரர் மகள் சரசம்மாதான் நாலு நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது தேவலை. துரையின் கோசுப் பாத்திகளுக்குத் திரும்பிவிட்டேன். அக்காவிடம் பக்குவமாகச் சொல்.

சென்னகிருஷ்ணன்


தளி
6-5-1955

அன்புள்ள மாமாவுக்கு,

பக்குவமாகத்தான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. “என் தம்பிக்கு நான் பெத்த பொண்ணக் குடுத்தேன். ஊருக்கே சோறு போட்டுக் குடுத்தேன். கல்யாணம் இல்லேன்னு சொல்ல அவன் யாரு? அந்த ஆளை இங்க கூட்டிகிட்டு வரச் சொல்லு, பந்தியில உக்காந்தவங்களக் காட்டறேன்” என்கிறாள். அவர் இங்கே வர அவருக்கும் விசா வேண்டும் அம்மா என்றேன். அந்த வருத்தத்திலும் அம்மா சிரித்துவிட்டாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். என்னை அங்கே விடமாட்டார்கள், சரி. உங்களை இங்கே வரவிடாமல் யார் தடுக்கப்போகிறார்கள்? வந்துவிடுங்கள். கோசும் பீன்ஸும் நுவரெலியாவில் மட்டுமா விளைகின்றன? நம் மண்ணில் விளையாததா? தளியிலிருந்து தினம் காய் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு லாரி போகிறது. நீ யார், கூட இருப்பவள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்பா போனபின் குத்தகைக்கு விட்ட மேட்டு நிலத்தை அம்மா திரும்ப வாங்கித் தருகிறேன் என்கிறாள்.

காய்ச்சலில் கஞ்சி கொடுத்த புண்ணியவதிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். எனக்கு அந்தக் கஞ்சியைக் கொடுக்க முடியவில்லையே என்றுதான் பொறாமையாக இருக்கிறது.

இன்னொன்று. மனசில் வைத்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆகாது. அந்த ஆபீசர் சொன்னதற்கு நீங்கள் சிரித்திருக்க வேண்டாம், மாமா.

உங்கள் மனைவி
காவேரி


தளி
30-12-1955

மாமாவுக்கு,

மேயில் எழுதியதோடு சேர்த்து இது நான்காவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. உடம்பு சரியில்லை என்றால் யாரையாவது விட்டு ஒரு கார்டு போடச் சொல்லுங்கள். கோபம் என்றால் திட்டியாவது எழுதுங்கள். சிரித்ததைக் குத்திக் காட்டியது தப்பு என்றால் அதை நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் இங்கே கடும் பனி. அவரைக் கொடியெல்லாம் கருகிவிட்டது. அம்மா உங்களுக்காக ஒரு கம்பளி வாங்கி வைத்திருக்கிறாள், நீங்கள் வரும்போது போர்த்திக்கொள்ள. வருகிறீர்கள்தானே?

காவேரி


நுவரெலியா
19-8-1956

காவேரிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கோபம் இல்லை. உன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

என் தங்கும் அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள் என்று வைகாசியிலேயே தெரிந்துவிட்டது. சரசம்மா இங்கேயே பிறந்தவள். அவளுக்குப் பிரஜா உரிமை இருக்கிறது. அவளைக் கட்டினால் நானும் இங்கே இருக்க வழி பிறக்கும் என்றார்கள். ஆனி மாதம் பதிவு செய்துகொண்டோம். முன்பு மணமானவரா என்று கேட்டார்கள். ஆபீசர் எனக்குச் சொன்னதையே நான் அவர்களுக்குச் சொன்னேன்.

பத்து வருஷமாக நான் திருத்திய தோட்டம் இது. ஊருக்கு வந்து முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பு இல்லை. சட்டம் நம்மைப் பிரித்துவிட்டது என்று நினைத்துக்கொள். அக்காவுக்கு நான் தனியாக எழுத முடியாது. நீயே சொல்லிவிடு. அக்கா என்னை வளர்த்தவள்.

சென்னகிருஷ்ணன்


தளி
10-9-1956

என் தாய்மாமன் சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் காவேரி எழுதிக்கொண்டது.

புருஷன் கைவிட்டால் பெண் தன் தாய்மாமனுக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டும். நம் பக்கத்து முறை அது, உங்களுக்கே தெரியும். நம் ஊர் வெள்ளையம்மாவை அவள் புருஷன் விரட்டியபோது அவள் தாய்மாமன் கங்கப்பன் தேன்கனிக்கோட்டைக்கு நடந்தே போனார். அவன் வீட்டு வாசலில் நின்றார். தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கவில்லை. அவன் வெளியே வந்து பதில் சொல்லும்வரைக்கும் நகரவில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். “அழாதடி. உனக்குத் தாய்மாமன் ஒருத்தன் இருக்கான். ஆள் அனுப்பு. அவன் வந்து நாலு பேர் நடுவுல நிக்க வெச்சுக் கேக்கட்டும்.” சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது. மாப்பிள்ளையும் தம்பியும் ஒரே கடிதத்தில் போய்விட்டார்கள் அவளுக்கு. யாருக்காக அழுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

எனக்கு மனசு எரிகிறது. சட்டத்தின் மேல் பழி போடாதீர்கள். சட்டம் என்னை அங்கே வரவேண்டாம் என்றது. உங்களை இங்கே வரவேண்டாம் என்று ஒரு சட்டமும் சொல்லவில்லை.

அதனால் முறைப்படி என் புகாரைச் சொல்கிறேன். ஐம்பத்து மூன்று வைகாசியில் ஒருவர் எனக்குத் தாலி கட்டினார். இருபது நாள் என்னோடு இருந்தார். காத்திரு என்றார், காத்திருந்தேன். காகிதம் கேட்டார், எடுத்தேன். என்மேல் குறை இல்லை என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு என்னை விட்டுவிட்டார். அவர் நுவரெலியாவில் துரை பங்களாத் தோட்டத்தில் இருக்கிறார். உங்களுக்கு அவரைத் தெரியும்.

அவரிடம் போய்க் கேளுங்கள், மாமா. குறை இல்லாத பெண்ணை ஏன் விட்டாய் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம். அம்மாவுக்கு எழுதுங்கள், நான் படித்துக் காட்டுகிறேன். எனக்காகப் போய்க் கேட்க உங்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

காவேரி