ஒரு கைக்குச் சாய்ந்த சிலிண்டர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன புதன்கிழமை ஆஸ்பத்திரி சிலிண்டர் அறையைத் துடைக்கும்போது ஒரு நீலச் சிலிண்டர் என் ஒரு கைக்கே சாய்ந்துவிட்டது. இப்படியா கடிதம் ஆரம்பிப்பார்கள், முதலில் நலம் கேள் என்று அம்மா என் தலையில் குட்டினாள். சரி, நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அங்கேயும் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாயே, உச்சி நேரத்தில் வெளியே வேலை கொடுத்தால் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டுமாம், வெட்கப்படக் கூடாதாம், அம்மா சொல்கிறாள். இங்கே வார்டில் கட்டில் போதாமல் தரையில் மெத்தை போட்டிருக்கிறார்கள். எல்லாரும் வெயிலில் மயங்கி விழுந்தவர்கள், கட்டட வேலைக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள்.

சிலிண்டர் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின சனிக்கிழமை அதே சிலிண்டரைச் சாய்த்துத் துடைக்க நானும் அம்மாவும் சேர்ந்து மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் ஏசி பழுதாகிப் பத்து நாளாகப் பூட்டிக் கிடக்கிறது, அதில் இருக்கிற மயக்க வாயுவை, சிரிப்பு வாயு என்பார்களே, அதை யாருக்கும் கொடுக்கவில்லை. பிறகு எப்படி இலேசானது? அம்மா ஸ்டோர் அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் மீட்டரைத் தட்டிக் காட்டி, முள்ளு அசையாம நிக்குது, உன் பொண்ணு கையில என்ன தராசா வச்சிருக்கா என்று சிரித்தாராம். வெள்ளிக்கிழமை அந்த முள் ஒரேயடியாகக் கீழே விழுந்தது. அப்போது அவரே வந்து, தியேட்டர் பூட்டியிருக்கு, இந்த ரூம் சாவி உங்கிட்ட இருக்கு, காத்து எங்கம்மா போச்சு, யாருக்கு வித்தே என்று நர்சுகள் முன்னால் கேட்டார். அம்மா அழுதுவிட்டாள். சிரிப்பு வாயுவை வித்துட்டு அழுதா எப்படி என்று அதற்கும் ஒரு நக்கல். சாவியை வாங்கிக்கொண்டு, அடுத்த சிலிண்டரை மாட்டிவிட்டு, திங்கட்கிழமை விசாரணை, அதுவரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். திருட்டு என்று எழுதிவிட்டால் அம்மாவை இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியும் வாசலில்கூட நிற்க விடாது. நான் வாளியோடு பக்கத்தில்தான் நின்றேன். உனக்குத்தான் தெரியுமே, வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போகிறவள் நான்.

நேற்று நான் ஆஸ்பத்திரி மாடிப்படியைத் துடைக்கும்போது மயக்க மருந்து டாக்டரம்மா ஏறி வந்தார். சிலிண்டர் இலேசா இருந்துச்சு, முள்ளு மட்டும் இறங்கலை என்று படியைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன். அவர் நின்றுவிட்டார். உள்ளே இருக்கறது திரவம்மா, அது தீர்ற வரைக்கும் முள்ளு இறங்காது, எடையைத்தான் பார்க்கணும், உன் கை சரியாத்தான் சொல்லியிருக்கு என்றார். சிலிண்டரிலிருந்து தியேட்டருக்குப் போகிற குழாயில் எங்கோ கசிகிறதாம். கசிந்த வாயு மேலே போய் நூறு வருடத்துக்கு மேல் நின்று சூட்டைப் பிடித்து வைக்குமாம். ஒரு கார் வருடம் முழுக்க ஓடி விடுகிற புகையைவிட இந்த ஒரு சிலிண்டர் செய்கிற கெடுதல் அதிகமாம். வெயில்ல விழுந்தவங்களுக்கு இந்தப் பக்கம் சலைன் ஏத்துறோம், அந்தப் பக்கம் நாமளே வெயிலை ஏத்திக்கிட்டிருக்கோம் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அதுவரை எனக்கு அம்மா நினைப்பு மட்டும்தான் இருந்தது. அப்புறம் வார்டைத் துடைக்கும்போது தரையில் கிடந்தவர்களைத் தாண்டிப் போகவே கூச்சமாக இருந்தது. விசாரணைக்கு நான் வரேன், ஆனா கசியற இடம் தெரியாம நான் பேசினா அது வெறும் பேச்சுதான் என்றும் சொன்னார். குழாய்க்காரர் வர ஒரு வாரம் ஆகுமாம். விசாரணை நாளைக்கு.

அம்மா கடைசியாகச் சொன்னவை: நேரத்துக்குச் சாப்பிடு, இருமல் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே, மேஸ்திரியிடம் வாய் கொடுக்காதே, பழைய செருப்போடு சூட்டில் நடக்காமல் புதிது வாங்கிக்கொள், யார் கண்ணும் படாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறாள். இன்று காலை நடந்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

வீட்டு கேஸ் அடுப்புக்கு டியூப் மாற்ற வருகிறவர் சோப்பு நுரை தடவிப் பார்ப்பாரே, கசிகிற இடத்தில் குமிழி உப்புமே, அதுபோல வாளியில் நுரை அடித்து, ஏணி போட்டு, சிலிண்டர் அறையிலிருந்து தியேட்டர் வரைக்கும் நடைவழிச் சுவரில் போகிற குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே போனேன். வார்டு வாசலில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். குழாயைக் கூடவா குளிப்பாட்டுறே, சோப்பு மிச்சமிருந்தா என் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் போட்டுவிடு என்று ஒரு அம்மா சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏணியை அடுத்த இணைப்புக்கு நகர்த்தினேன். தியேட்டர் கதவுக்கு மேலே இருந்த இணைப்பில் நுரை தவளைத் தொண்டை மாதிரி உப்பியது, உடைந்தது, மறுபடி உப்பியது. ஏசி வேலையைப் பார்க்க வந்திருந்த ஸ்டோர் அதிகாரி கீழே வந்து நின்று, சோப்புன்னா நுரை வரத்தான் செய்யும், துடைச்சுட்டு இறங்கு என்றார். துடைத்தேன். இறங்கவில்லை. புது நுரையை அள்ளி அதே இடத்தில் தடவிவிட்டு, வார்டு வாசலில் நின்ற எல்லாரையும் கிட்டே வந்து பார்க்கச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

அம்மாவுக்காக எழுதும்,
உன் தங்கை