கயிற்றை இழுத்தவர் பெயர்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து புழுக்கம். முதல் ஷிப்ட். இன்று முதல் சுரங்கத்தில் கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் பிரிவுக்கு நான் பொறுப்பு. பதினாறு வருடம் இன்னொருவர் சொன்னதைச் செய்த ஆள், இப்போது என் கீழே இருபது பேருக்கு மேல். பெர்மனென்ட் எட்டு, மீதி கான்ட்ராக்ட். காலையில் இட்லி இறங்கவில்லை.

போன வாரப் பயிற்சி வகுப்பில் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். நல்ல தலைமைக்கு:
– பெயர் சொல்லிக் கூப்பிடு
– பாராட்டு எல்லார் முன்னாலும், கண்டிப்பு தனியாக
– முடிவைத் தள்ளிப் போடாதே
– பதறாதே (இரண்டு முறை அடிக்கோடு)

ஷிப்டுக்கு முன் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினேன். பெல்ட் ஓரமாக நீளத்துக்கும் ஓடும் அவசரக் கயிறு. எங்கே இழுத்தாலும் பெல்ட் நிற்கும். "சந்தேகம் வந்தாலே இழுத்துடுங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டோம்" என்றேன். நன்றாகத்தான் பேசினேன்.

வாங்க வேண்டியது: பால், பாப்பாவுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், ரெயின்கோட்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. கரி முழுக்கச் சேறு.

பதினொரு மணிக்கு பெல்ட் நின்றது. இழுத்தவர் ராஜவேலு. கம்மாபுரம் பக்கத்துக்காரர், கான்ட்ராக்ட், சிந்தும் கரியை அள்ளிப் போடும் வேலை. ரோலருக்குக் கீழே யாரோ குனிந்து போன மாதிரி தெரிந்ததாம். ஓடினோம். ஆள் இல்லை. கிழிந்த தார்ப்பாய் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நனைந்த கரியின் பாரத்தில் பெல்ட் திரும்பக் கிளம்பவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று.

மேலதிகாரி டி.ஜி.எம். போன். "யாரும்மா இழுத்தது?"

"கான்ட்ராக்ட் ஆள் சார். ராஜவேலு."

கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன்.

ஷிப்ட் முடியும்போது கான்ட்ராக்டரின் ஆள் வந்து அவருடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு போனார். பாஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை. ராஜவேலு என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "நீ ஒண்ணும் பொய் சொல்லலயே?" என்றார். இல்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜூலை 9, புதன்

மேகம் மட்டும். பத்தரைக்குச் சுற்றி வரும்போது ரப்பர் கருகும் வாடை. பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கி இரும்புச் சட்டத்தில் உரசி ஓடுகிறது. ஓரம் நார் நாராக. பத்தடியில் மூன்று பேர், பார்த்துக்கொண்டு. அதில் மணிமாறன் அண்ணனும். பிரிவிலேயே மூத்த டெக்னீஷியன். கயிறு அவர் கைக்கெட்டும் தூரத்தில்.

நானே இழுத்தேன்.

"எவ்ளோ நேரமாண்ணே இப்படி ஓடுது?"

"கால் மணி நேரம் இருக்கும் மேடம்."

"பாத்துட்டு சும்மா நின்னீங்களா? தீப்பிடிச்சிருந்தா?"

கையுறையைக் கழற்றி, நிதானமாக மடித்தார். "இழுத்தா பேரு மேல போயிடுது மேடம். எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸு."

மற்ற இருவரும் சிந்திய கரியை அள்ளப் போனார்கள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒரு போனில் நான் கற்றுக்கொடுத்தது இது. திங்கட்கிழமைப் பேச்சு முழுவதும் வீண். பயிற்சி வகுப்பில் இதைப் பற்றி ஒரு வரி இல்லையே. இருந்ததோ, நான்தான் எழுதவில்லையோ.

இரண்டரைக்கு டி.ஜி.எம். அறை. சந்தேகம் வந்தாலே இழுக்கச் சொன்னது நான், அறிக்கையில் என் பெயரைப் போடுங்கள், ராஜவேலுவின் பாஸைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்றேன்.

"பொறுப்பெடுத்து மூணு நாள். அதுக்குள்ள ரெக்கார்டுல கெட்ட பேரு வேணுமா?"

"பரவால்ல சார்." குரல் கீச்சென்று வந்தது.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க." அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார். எழுதினேன். தேதி தப்பு. அடித்துத் திருத்தினேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில். பாஸ் பற்றித் தகவல் இல்லை. ஷிப்ட் முடிந்ததும் ஸ்கூட்டியில் கம்மாபுரம். திரும்பிவிடலாமா என்று இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினேன்.

ராஜவேலு வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவர் மனைவிதான் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"தப்பு என்னோடதுங்க. எழுதிக் குடுத்திருக்கேன்."

"நீங்க போன்ல பேரு சொன்னப்ப பக்கத்துலதான் மேடம் நின்னுகினு இருந்தேன்."

எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? அதுவும் தெரியவில்லை.

"ஆளு இருக்குதுன்னுதான் இழுத்தேன். நெசமாவே இருந்திருந்தா?"

"நீங்க ஒரு உயிரக் காப்பாத்தியிருப்பீங்க."

"இத வூட்டுக்கு வந்து சொல்றீங்க. அங்க அத்தினி பேரு முன்னாலதான எம் பேரு போச்சு."

தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அப்படியும் வழியெல்லாம் மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

காற்று. கண்ணில் தூசு. ஷிப்டுக்கு முன் எல்லாரும் நின்றார்கள். யோசித்து வைத்த எதுவும் வாயில் வரவில்லை.

"செவ்வாக்கெழம ராஜவேலு செஞ்சது சரி. நான் பயந்துட்டேன். பயத்துல அவர் பேரச் சொன்னேன், அது தப்பு. இனிமே பெல்ட் நின்னா மேல போற பேரு என்னோடது மட்டும்தான்."

அவ்வளவுதான். யாரோ இருமினார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

மணிமாறன் அண்ணன் மட்டும் நின்றார். "கடைசி ரோலர் சத்தம் போடுது மேடம். ரெண்டு நாளாவே. சொல்லாம இருந்தேன்."

நிறுத்தினோம். பேரிங் போயிருந்தது. மாற்றினோம்.

ஜூலை 14, திங்கள்

லேசான தூறல். ராஜவேலுவுக்குப் பாஸ் வந்துவிட்டது! கேட்டில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றார். கைகூப்பலாமா, பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று நான் யோசிப்பதற்குள் வேறு பிரிவு வண்டியில் ஏறிவிட்டார்.

"அவரே கேட்டு வேற பிரிவு வாங்கிகினாராம் மேடம்," என்றார் மணிமாறன் அண்ணன். கையுறையை மாட்டிக்கொண்டே, "ஒங்ககிட்ட வேணாம்னு."

பெல்ட் நின்றதற்கு என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அது என்னை ஒன்றும் செய்யவில்லை.

வண்டி வளைவில் மறையும்வரை நின்றேன். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். எதற்குப் பார்க்க வேண்டும்?

நேரமாகிவிட்டது. ஷிப்டுக்கு முன் என் ஆட்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். போனேன்.