வெள்ளி மையும் இருமல் மருந்தும்

வேப்பம்பட்டில் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

சண்டையைப் பற்றி எழுதப் போவதில்லை.

கம்பெனியில் இப்போது வெள்ளி மை என் பொறுப்பு. பிளாஸ்டிக் தாளில் அந்த மையால் கோடு அச்சடித்துச் சூடாக்கினால், கம்பி இல்லாமலே கரண்ட் ஓடும். ஆனால் பாட்டில் சும்மா கிடந்தால், கண்ணுக்கே தெரியாத வெள்ளிப்பொடி அடியில் படிந்துவிடும். அப்புறம் கோடு இருக்கும், கரண்ட் இருக்காது. அதனால் உருட்டிக்கொண்டே இருக்கிறேன்.

வீட்டிலும் கை நிற்பதில்லை. எண்ணெய், தேன், எதைப் பார்த்தாலும் குலுக்குகிறேன். நேற்று பக்கத்து வீட்டு கார்த்திகா, "இன்னாக்கா, யாரும் குடிக்காத மருந்தப் போயி குலுக்கிகினு கீறே?" என்றாள். நீங்கள் விட்டுப்போன இருமல் மருந்துதான்.

கூப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இருமல் வந்தால் வாருங்கள். அடியில் எதுவும் படியவில்லை.

இப்படிக்கு,
அம்பத்தூர் வீட்டுக்காரி