மழையைத் திட்டக்கூடாது என்றீர்களே, மாமா

ஏனுங்க மாமா,

உங்களோடு குடித்தனம் செய்த காலமெல்லாம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் என்று ஊரில் எனக்குப் பேர். அந்தப் பேர் போன வாரம் உங்கள் முதல் வருஷ திதியன்று போய்விட்டது. போனால் போகட்டும்.

சொந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரம், கொல்லிமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பங்குனி மாதம்! ஜவ்வரிசி காயப்போட இதைவிட நல்ல மாதம் கிடையாது என்பீர்கள். அந்த வெயிலை நம்பித்தானே நம் சேகோ ஆலைக்குக் கூரையில்லாமல் அத்தனை பெரிய சிமெண்டுக் களம் போட்டீர்கள்?

முதல் துளி விழுந்ததும் உங்கள் அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா, எந்தம்பி புண்ணியவானுங்க! போறப்பவும் மழை, தெவசத்துக்கும் மழை. அவனே அனுப்பியுட்டிருக்கான்" என்றார். பந்தியே தலையாட்டியது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன பங்குனியில் இதே மழைதானே உங்களைக் கொண்டுபோனது? தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு நடுவில் ஓடினீர்கள். இடி விழுந்தது. மூடாத ஜவ்வரிசி உங்களைச் சுற்றிக் கூழாகக் கிடந்தது. மறுநாள் சுடுகாட்டுக்குத் தூக்கும்போதும் கொட்டியது. அதற்கும் புண்ணியவான் என்றுதான் சொன்னார்கள். கொன்றவனே மாலை போட வந்தால் கும்பிடுவார்களா?

நம் மகள் அஸ்தம்பட்டியிலிருந்து வரும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறாள். "காத்து சூடாயிருச்சும்மா. தண்ணிய நெறையத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரே எடத்துல கொட்டிட்டுப் போயிருது. இனி மழை அப்பா காலத்து மழை இல்லம்மா." அவள் சொல்வது சரிதான். ஐப்பசி முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. மரவள்ளி வாடி, கிழங்கு விரல் தண்டிகூடத் திரளவில்லை. வேண்டும்போது வராத சனியன், காயப்போட்ட பிறகு வந்து நிற்கிறது.

பழைய மழை மேகம் கூட்டி, காற்றடித்து, பாதிக் களத்தை மூடுகிற வரைக்குமாவது பொறுக்கும். நீங்கள் அந்த மழையை மனசில் வைத்துக்கொண்டு இந்த மழைக்குள் ஓடினீர்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். மூட்டை ஜவ்வரிசியைவிட நான் எந்த விதத்தில் குறைந்துபோனேன், மாமா?

நம் பக்கம் விளையாவிட்டாலும் வெளியூர்க் கிழங்கு வந்து குவிந்திருந்ததால் திதியன்றும் ஆலை ஓடியது. களம் நிறைய ஜவ்வரிசி. உங்கள் தம்பி இலையை விட்டு எழுந்து, "நனையுது, தார்ப்பாய எடுங்க!" என்று கத்தினார். அப்படியே உங்கள் குரல். அதைக் கேட்டதும், ஆலையில் வேலை செய்கிற செல்வி களத்தைப் பார்த்து ஓடினாள். மலைப் பக்கம் வெட்டியது ஒரு மின்னல்.

நானும் ஓடினேன். களத்தின் ஓரத்தில் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"உடுங்கக்கா, அத்தனையும் கரைஞ்சுருமுங்க!"

"கரையட்டும்டி! உள்ள வா!"

அவளை ஆலைக்குள் தள்ளிவிட்டு, வாசலில் நின்று வானத்தைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். நாசமாய்ப் போக என்றேன். உங்கள் அக்கா காதைப் பொத்திக்கொண்டார். "மழையத் திட்டாத சாமி, ஊருக்கே ஆகாது" என்றார். "புண்ணியமாவது புடலங்காயாவது! அதுதானுங்க எம் புருசனக் கொன்னுச்சு" என்றேன்.

அத்தனை ஜவ்வரிசியும் வெள்ளையாகச் சாக்கடையில் ஓடியது. பார்த்துக்கொண்டே நின்றேன். வயிறு எரியவில்லை என்றால் பொய். ஆனால் செல்வி என் பக்கத்தில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

பாதிக் களத்துக்காவது கூரை போடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் தம்பி முனகுகிறார், முனகட்டும். கூரை வந்தாலும் வராவிட்டாலும், இடிச் சத்தம் கேட்டால் அந்தக் களத்தில் ஒரு கால் படக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அடுத்த திதிக்கும் அது வரும், மாமா. வந்து ஆலையையே கரைத்துவிட்டுப் போனாலும் ஒருத்தரும் ஓடமாட்டோம். எல்லோரும் உள்ளேதான் இருப்போம். நீங்கள் மட்டும்தான் இருக்கமாட்டீர்கள்.

இன்னும் திட்டிக்கொண்டிருக்கும்
உங்கள் பெண்டாட்டி,
சரசு