படகு கேட்ட சங்கம்

சேசு மரி சூசை துணை

நாயுடுபுரம்

அன்பு மகள் ஜென்சிக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, நீயாவது அந்த அயர்லாந்துக் குளிரில் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். என் முழங்கால் வலி எப்போதும்போலத்தான். நேற்றுக் காட்டுமாடு வேலியை முறித்துக்கொண்டு வந்து சவ்சவ் கொடி முழுக்கத் தின்றுவிட்டுப் போனது, அப்பா விரட்டக்கூட எழுந்திருக்கவில்லை, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போனில் சொன்னால் நீ உடனே அவரைக் கூப்பிடுவாய், அவர் பேசமாட்டார், அதனால்தான் எழுதுகிறேன்.

டெனிஸ் உனக்குப் போன் பண்ணுவான். ஆற்றுப்படகுச் சங்கத்துக்கு வெள்ளிவிழாவாம், ஆரம்பித்து வைத்த உபகாரம் ஐயாவின் மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் நாலு வார்த்தை வாழ்த்திப் பேசவேண்டுமாம். நீ பேசாதே. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. பூண்டியிலும் கவுஞ்சியிலும் லாரி வாடகைக்குக் கட்டுப்படியாகாமல் காரட்டை மூட்டை மூட்டையாக மாட்டுக்குக் கொட்டினார்களே, நீ சின்னப்பிள்ளை, அந்த வருஷம் உன் அப்பா ஆரம்பித்த சங்கம் அது. சரக்கை அடிவாரம்வரை இறக்கிவிட்டால் போதும், அதற்கப்புறம் ஆற்றிலேயே படகில் சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்றார். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் பாட்டுக்கு மரம் வாங்கி, சொந்தக் கையால் ஒரு படகு செய்தார். வருஷா வருஷம் சங்கம் தொடங்கிய நாளில் அதை லாரியில் இறக்கி, சுவாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்து, ஆற்றில் விடுவார்கள், முழங்கால் தண்ணீரில் பாதி தூரம் தள்ளித்தான் போகவேண்டும், நீ உள்ளே உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அழுவாய். படகு போகிற ஆற்றில் எவனும் மணல் அள்ளமாட்டான் என்பார். சீமைக்கருவேலத்தை வெட்டியதும், மணல் லாரியை மறித்து உதை வாங்கியதும் அந்தச் சங்கம்தான். கூட்டம் கூட்டமாக வந்தவர்களுக்கு வரக்காப்பி போட்டே என் பாதி ஆயுசு போய்விட்டது.

டெனிஸுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் உன் அப்பா. இங்கிலீஷ் தெரியும், ஆபீஸ் ஆபீஸாக ஏறுவான் என்று அவனைச் செயலாளர் ஆக்கினார். அவன் ஏறினான், நன்றாகவே ஏறினான். போன வருஷம் கீழ்மலையில் அதே ஆற்றுக்குக் குறுக்கே சுவர் கட்டி, டூரிஸ்டுகளுக்குப் படகு விட்டாயிற்று. சங்கத்தின் கனவு நிறைவேறியது என்று டவுன் முழுக்க பிளக்ஸ். சுவருக்குக் கீழே ஆறு வெறும் கல்லாகக் கிடக்கிறது. அதற்கும் கீழேதான் நம் ஒச்சன் இருக்கிற பளியர் குடி, அந்த மலைவாசிகளுக்கு ஆற்றுத் தண்ணீர்தான். அப்பா போய்ப் பார்த்தார். ஒச்சன் பெண்டாட்டி நாச்சியம்மாள் சண்டைகூடப் போடவில்லையாம். ஐயா, நீங்க படகு வேணும்னு கேட்டீங்க, கெடச்சிருச்சு, நாங்க தண்ணி வேணும்னு யாருகிட்டயும் கேக்கலையே, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தானே கெடந்துச்சு என்றாளாம்.

தண்ணீர் கீழே போக சுவரில் ஒரு மதகாவது வையுங்கள் என்று சங்கக் கூட்டத்தில் அப்பா எழுந்து கேட்டிருக்கிறார். வயசாயிருச்சு, வீட்ல ரெஸ்ட் எடுங்க என்று சொல்லித் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சொன்னது டெனிஸ். அப்பா செய்த படகு இப்போது போட் ஹவுஸ் வாசலில் நிற்கிறது, உள்ளே மண் கொட்டி ஹைட்ரேஞ்சியா நட்டிருக்கிறார்கள், ஆட்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்துதான் இப்படி உட்கார்ந்தே இருக்கிறார். மனுஷனை வெளியே தள்ளிவிட்டு, பேரை மட்டும் விழாவுக்கு வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், அதற்கு உன் வாயும் வேண்டுமாம்.

மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். நைட் டியூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. டெனிஸிடம் கோபப்படவேண்டாம், முடியாது என்று மட்டும் சொல். ஜென்சிக்கு எழுதுகிறேன், என்ன எழுதட்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். மாடு தின்றுபோட்ட கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அவ வரும்போது ஆத்தத் தாண்டப் படகு வேண்டாம், செருப்போடயே நடந்து போயிரலாம்னு எழுது.

அன்புள்ள அம்மா,
அடைக்கலமேரி